ஏழா, பதினேழா?

காலை ஆறே முக்காலுக்கு போன். தெரியாத நம்பர்.

"பேப்பர்ல ஹாக்கி எழுதுற பிள்ளைதானம்மா?"

"ஆமா, சொல்லுங்க."

"எம்மவன் போட்ட கோலை வேற பையன் பேர்ல போட்டிருக்கீங்களே தாயி."

அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போடவில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் ஐந்து பேப்பர் வாங்கினாராம், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. பிரித்துப் பார்த்தால் மகன் பெயர் இல்லை. "அடுத்த தடவை பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

இது 2024 மே மாதம் நடந்தது. சென்னையில் இதழியல் படிப்பின் கடைசித் தேர்வை எழுதிவிட்டு, சொந்த ஊரான சாத்தூருக்கு வந்து ஒரு நாளிதழில் பயிற்சி நிருபராகச் சேர்ந்திருந்தேன். சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். முதல் வேலையே கோவில்பட்டி ஹாக்கி. சாத்தூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். கோவில்பட்டியில் ஹாக்கி என்பது மற்ற ஊர்களில் கிரிக்கெட் மாதிரி. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருகிறவர்கள் நேராக கேலரியில் வந்து உட்கார்ந்து பெனால்டி கார்னர் எப்படி எடுக்க வேண்டும் என்று நடுவருக்கே பாடம் எடுப்பார்கள். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பையன்தான். அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி எடுத்த கார்த்தியும் அதே தொடரில்தான் இந்திய அணிக்குள் வந்தார்.

அப்பேர்ப்பட்ட ஊரில்தான் நான் கோல் அடித்தவர் பெயரை மாற்றி எழுதினேன். மூன்றாவது கால் பகுதி. பெனால்டி கார்னர், கோல் வளையத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் குவியல், பந்து உள்ளே. கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிற பையனின் முதுகைப் பார்த்தேன், 7. குறித்துக்கொண்டேன். அது 17. நனைந்த ஜெர்சி மடிந்து ஒன்று மறைந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் டெக்னிக்கல் டேபிள். அங்கே ஒருவர் ஒவ்வொரு கோலையும் நிமிடம், ஜெர்சி நம்பர், அது ஃபீல்டு கோலா பெனால்டி கார்னரா என்று மேட்ச் ஷீட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். முடிந்ததும் போய்க் கேட்டிருந்தால் காட்டியிருப்பார். ஒன்பது மணிக்குள் செய்தி போக வேண்டும் என்ற பதற்றத்தில் அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை.

மறுநாள் செய்தியிலேயே திருத்தம் ஒரு வரி போட்டோம். மாவட்ட நிருபர் அண்ணன் திட்டவில்லை. "எந்த இடத்துக்குப் போனாலும் மொதல்ல ஒண்ணு பாரு. அங்க பேனாவும் பேப்பரும் வெச்சு கணக்கு எழுதுற ஆள் ஒருத்தர் இருப்பாரு. அவரு பக்கத்துல உக்காரு" என்றார். அவர் சொன்னது ஹாக்கிக்கு. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால், தேர்தல் நாளன்று, நான் விழுந்ததும் இதே குழியில்தான்.

அதைச் சொல்வதற்கு முன் மாமல்லபுரம். இரண்டாம் ஆண்டு தொடக்கம், 2022 ஆகஸ்ட். 44-வது செஸ் ஒலிம்பியாட். போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' சென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் நின்றுகொண்டிருந்த காலம். எங்கள் துறையில் மாதம் ஒரு மாணவர் இதழ் கொண்டு வருவோம். அதற்காக நானும் ஒரு தோழியும் பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம். மாணவர் இதழுக்கெல்லாம் பிரஸ் பாஸ் தரமாட்டார்கள். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ் இல்லாமல் எழுதுவதுதான் மாணவப் பருவத்தின் பெரும்பகுதி.

எனக்கு செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பது வரை தெரியும். ஹாலுக்குள் போன் கூடாது, பேச்சு கூடாது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரைக்கடியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். என்னத்தை எழுதுவது? பக்கத்தில் நின்ற ஒரு பொடியன், பன்னிரண்டு வயதிருக்கும், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, ஆட்டம் முடிஞ்ச போர்டுல ரெண்டு ராஜாவையும் நடுவுல வெச்சிருப்பாங்க பாருங்க. ரெண்டும் வெள்ளைக் கட்டத்துல இருந்தா வெள்ளை ஜெயிச்சிருச்சு. கறுப்புக் கட்டத்துல இருந்தா கறுப்பு. ஆளுக்கொண்ணுல இருந்தா டிரா." கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, யாரையும் கேட்காமல், முடிந்த ஆட்டங்களின் முடிவை என்னால் எழுத முடிந்தது. அந்தப் பையனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

நாங்கள் போனது ஆகஸ்ட் 8, பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாவது அணிக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ஆட்டம். முதல் போர்டில் 16 வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து, ஒன்பதாவதை டிரா செய்துவிட்டு வந்திருந்தார். எதிரில் அப்துசத்தோரோவ். நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில், எனக்குத் தெரிந்தவரை, எதுவுமே நடக்கவில்லை. வெளியே வந்து போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கதை மாறியது. ஜெயிக்கும் நிலையிலிருந்த ஆட்டம் குகேஷ் கையை விட்டுப் போனது. தலையைக் கையில் தாங்கியபடி அவர் உட்கார்ந்திருந்த காட்சி செஸ் தெரியாதவர்களையும் உலுக்கியது.

அறைக்கு வந்து 600 வார்த்தை எழுதினேன். 'நெஞ்சு வெடித்தது', 'கனவு நொறுங்கியது', 'மனதுக்குள் புயல்' எல்லாம் இருந்தன. எங்கள் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தார். "அவர் மனசுக்குள்ள நீ போய்ட்டு வந்தியா? கையில தலையை வெச்சிருந்தார், அது நீ பாத்தது. அதோட நிறுத்து." அடுத்து அவர் கேட்டதுதான் அடி. "சரி, மேட்ச் என்ன ஆச்சு?"

நான் முழித்தேன். செஸ் ஒலிம்பியாட் அணிப் போட்டி. நான்கு போர்டு, நான்கு ஆட்டம். குகேஷ் தோற்றாலும், பிரக்ஞானந்தா சிந்தரோவை ஜெயித்ததில் கணக்கு 2-2 என்று சமனில் முடிந்திருந்தது. 600 வார்த்தையில் அந்த 2-2 எங்குமே இல்லை. கண்ணீர் இருந்தது, ஸ்கோர் இல்லை. பிறகு அந்த அணி வெண்கலம் வாங்கியது. குகேஷுக்கு 11 ஆட்டத்தில் 9 புள்ளியோடு முதல் போர்டுக்கான தனிநபர் தங்கம். நான் எழுதியதைப் படித்தவர்கள், பையன் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இதில் அரசியல் செய்திக்கும் ஒரு மருந்து இருக்கிறது. 'கடும் அதிருப்தியில் மாவட்டச் செயலாளர்', 'கொதிப்பில் தொண்டர்கள்' என்று தினமும் படிக்கிறோம். அதிருப்தி என்பதை எங்கே பார்த்தார்கள்? மேடையில் பாதியில் எழுந்து போனாரா, போஸ்டரில் பெயர் விட்டுப்போனதா, கூட்டத்துக்கே வரவில்லையா? அதை எழுதினால் போதும், அதிருப்தியை வாசகரே புரிந்துகொள்வார். செஸ் கட்டுரைக்கு வாங்கிய அந்தச் சிவப்புப் பேனாத் திருத்தத்தை நான் அதிகம் பயன்படுத்தியது கட்சிக் கூட்டங்களில்தான்.

இனி ஏப்ரல் 19, 2024. தமிழ்நாட்டில் 39 தொகுதிக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. நாடாளுமன்றத்துக்கு என் முதல் ஓட்டு. ஓட்டையும் போட்டுவிட்டு மாணவர் இதழின் தேர்தல் சிறப்புப் பக்கத்துக்குச் செய்தியும் அனுப்பலாம் என்று சாத்தூர் வந்திருந்தேன். கிளம்பும் முன் வகுப்பில் ஒரு பெரிய யோசனை ஓடியது. ஆளாளுக்கு அவரவர் ஊர்ச் சாவடிக்கு வெளியே நின்று, ஓட்டுப் போட்டு வருகிறவர்களிடம் "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டுத் தொகுத்து இன்ஸ்டாகிராமில் போடலாம் என்று. மேடம் அதிர்ந்துவிட்டார். அதற்குப் பெயர் எக்ஸிட் போல். அந்தத் தேர்தலில் ஏப்ரல் 19 காலை 7 மணியிலிருந்து ஜூன் 1 மாலை 6.30 வரை அதை நடத்தவும் கூடாது, வெளியிடவும் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ஏ. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. மாணவர்கள் என்பதற்காகச் சட்டத்தில் சலுகை எதுவும் இல்லை. ஆர்வக்கோளாறில் இப்படி மாட்டிக்கொள்ள வாய்ப்பு நிறைய, அதனால் சொல்கிறேன்.

யாருக்கு என்பதை விட்டுவிட்டால், சாவடிக்கு வெளியே எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. நான் மூன்று மணி நேரம் ஒரே பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டிருந்தார்கள், ஆனால் அது முடிகிற இடத்தில் ஒரு படி இருந்தது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, போட்ட ஓட்டைக் காட்டும் விவிபேட் பெட்டியில் சீட்டு ஏழு விநாடிதான் தெரியும் என்பதால், கண்ணாடியை மறந்து வந்த தன் கணவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். "ஏழு வினாடியில இந்த மனுசனுக்கு எம்மூஞ்சியே தெரியாது" என்றார். அந்தப் பக்கத்திலேயே அதிகம் பேர் படித்தது அந்த வரியைத்தான்.

சொதப்பல் மாலையில். ஏழு மணிவாக்கில் மாநிலம் முழுவதும் 72.09 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. எல்லா டிவியிலும் ஓடியது. நானும் பக்கத்தின் தலைப்பிலேயே '72.09 சதவீதம் வாக்குப்பதிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் அது 69.46 ஆனது. கடைசியில் 69.72 என்று நின்றது. சாயங்காலம் வருவது சாவடிகளிலிருந்து திரட்டுகிற தோராயக் கணக்கு. முழுக்கணக்கு, ஒவ்வொரு சாவடியிலும் அதிகாரி எழுதும் 17-சி படிவத்தைக் கூட்டினால்தான் வரும். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்பது அதில் இருக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் கட்சி ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுப்பார்கள். நான் மூன்று மணி நேரம் நின்ற அந்தப் பள்ளிக்கூடத்திலும் அது எழுதப்பட்டிருக்கும். நான் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

எண் தப்பு என்பதல்ல என் தப்பு. அதை அறிவித்தது தலைமைத் தேர்தல் அதிகாரி. 'மாலை 7 மணி நிலவரப்படி, தோராயமாக' என்ற ஐந்து வார்த்தையை நான் போடவில்லை, அவ்வளவுதான். ஹாக்கியில் 'மூன்றாவது கால் பகுதி முடிவில் 2-1' என்றுதானே எழுதுவோம்? ஆட்டம் முடியும் முன் 2-1 என்று மட்டும் எழுதிவிட்டுப் போவோமா? மாட்டோம். தேர்தல் எண்ணுக்கும் கடிகாரம் உண்டு என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

பிரசார நாட்களில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு நடுவே ஒரு வார விடுமுறையில் வந்திருந்தபோது, அனுபவத்துக்காக ஒரு வேட்பாளரின் பிரஸ் மீட்டுக்குப் போனேன். எந்தக் கட்சி என்பது வேண்டாம். பேட்டி முடிந்ததும் வாசலில் ஒருவர் நோட்டில் பெயரும் பத்திரிகையும் எழுதச் சொல்லி ஆளுக்கொரு கவர் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது "நான் ஸ்டூடண்ட் சார்" என்றேன், என்னமோ தகுதி இல்லாத மாதிரி. "அதனால என்னம்மா, பஸ் செலவுக்கு வெச்சுக்க" என்றார். பிரியமாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். கையில் உண்மையிலேயே பஸ் செலவுக்கு இருந்தது நாற்பது ரூபாய். வாங்கவில்லை. வீரம் எல்லாம் இல்லை, அந்த நோட்டில் என் பெயர் இருக்குமே என்ற பயம். இப்படி ஒன்று வரும் என்று தெரிந்திருந்தால் என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பேன். வகுப்பில் இதையெல்லாம் யாரும் ஒத்திகை பார்க்கச் சொல்வதில்லை.

கவரைவிடச் சிக்கல் சொந்தக்காரர்கள். என் தாய்மாமா ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். அண்ணனிடம் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டேன். "நல்லது, அவர் வார்டுப் பக்கம் உன்னை அனுப்ப மாட்டேன்" என்றார். நம் ஊரில் கட்சி இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மறைப்பதைவிட முதல் நாளே சொல்லிவிடுவது மேல். ஹாக்கி மைதானத்திலும் இதே கதைதான். கோவில்பட்டி அணி கோல் போட்டபோது என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த நிருபர் திரும்பாமலேயே சொன்னார்: "கை தட்டணும்னா கேலரிக்குப் போயிரு பாப்பா, அங்க காத்தும் நல்லா வரும்."

ஜூன் 4. விருதுநகர் தொகுதி எண்ணிக்கை. எண்ணும் மையத்துக்குள் போகத் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அண்ணனுக்கு இருந்தது, எனக்கு இல்லை. நான் வெளியே தடுப்புக்கு இந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில். அண்ணன் உள்ளே ஊடக மையத்திலிருந்து எண்களை அனுப்புவார், நான் நோட்டில் ஏற்ற வேண்டும். முந்தின இரவே கோடு போட்டு வைத்திருந்தேன். திருப்பரங்குன்றம், திருமங்கலம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் தனித்தனிப் பத்தி, ரவுண்டு வாரியாகக் கட்டம்.

ஏன் இப்படி என்றால், வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசை. ஒரு ரவுண்டில் 14 சாவடி இயந்திரம். 280 சாவடி இருந்தால் 20 ரவுண்டு. ஆறு தொகுதியும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்று எட்டாவது ரவுண்டில் இருக்கும்போது இன்னொன்று ஆறில் நிற்கும். டிவியில் 'முன்னிலை' என்று மாறி மாறி வருவதற்குப் பாதிக் காரணம், அந்த நேரத்தில் எந்தத் தொகுதியின் ரவுண்டு வந்து சேர்ந்தது என்பதுதான். காலை 8 மணிக்கு முதலில் தபால் ஓட்டு, அரை மணி கழித்து இயந்திரம். தொடக்கத்தில் தேமுதிகவின் விஜய பிரபாகரன் முன்னிலை. காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் பின்னால். அப்புறம் இவர் முன்னால், அவர் பின்னால். வாசலில் பட்டாசு வாங்கி வைத்திருந்த இரண்டு தரப்பும் மாறி மாறி திரியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்கள்.

உள்ளேயிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு ஏஜென்ட்டிடமும் ஒரு எண் இருந்தது. ஒருவர் ஆயிரம் என்றார், அதே நிமிடத்தில் இன்னொருவர் ஆறாயிரம் என்றார். பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். அவரவர் மேசையில் பார்த்ததை அவரவர் ஆசையோடு கூட்டிச் சொன்னார்கள். மாமா பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் அடித்தார், எடுக்கவில்லை. சேனல் ஒன்றில் வேலை பார்க்கும் என் வகுப்புத் தோழன் வாட்ஸ்அப்பில் "லீடு எவ்ளோ, சீக்கிரம்" என்றான். வாசலில் கேட்ட எண் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அந்த அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது. 'அறிவித்த ரவுண்டு வரைதான் என்னிடம் இருக்கு' என்று அடித்துவிட்டு அந்தக் கணக்கை மட்டும் அனுப்பினேன். "யூஸ்லெஸ்" என்று பதில் வந்தது.

மத்தியானம் ஒரு முறை என் கூட்டலுக்கும் அண்ணன் அனுப்பிய மொத்தத்துக்கும் சில நூறு ஓட்டு இடித்தது. அவர் உள்ளே, நான் வெளியே, போனிலேயே ஒவ்வொரு கட்டமாக வாசித்தோம். அருப்புக்கோட்டைப் பத்தியில் ஒரு எண்ணில் 7-ஐ 1 மாதிரி எழுதியிருந்தேன். "ஏழா, ஒண்ணா?" என்று அண்ணன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரிந்ததா தெரியவில்லை. அன்றிலிருந்து ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுகிறேன்.

இருட்டிய பிறகும் இழுத்தது. கடைசியில் மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்றானது. தேமுதிக தரப்பு எண்ணிக்கையில் முறைகேடு என்று சொன்னது, மறு எண்ணிக்கை கேட்டது. அதையும் யார் சொன்னார், என்ன கேட்டார் என்று மட்டும் எழுதினோம். எந்த ரவுண்டில் எவ்வளவு என்பது நோட்டில் இருந்ததால், மறுநாள் அதைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் குறிப்பிட்டுக் கேள்வி கேட்க முடிந்தது.

ராத்திரி கடைசி பஸ். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், பையில் முறுக்கு டப்பா. கையில் நோட்டைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுல ஜெயிச்சாருமா?" என்றார்.

"நாலாயிரத்து முந்நூத்தி எழுபத்தொன்பது."

"டிவியில வேற என்னமோ சொன்னானே."

நோட்டைத் திறந்து காட்டினேன். ஆறு பத்தியையும் விரலால் மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார். சாத்தூர்ப் பத்தியில் விரல் நின்றது. "இது ஏழாம்மா?" என்றார்.

"ஏழுதான் தாத்தா."